வெள்ளைக் கல்லின் சிவப்பு

எனக்கு வாய் நீளம். அதனால் பட்டதும் உண்டு. ஆனால் அந்த அட்டிகை விஷயத்தில் பட்டதை மறக்கவே மாட்டேன்.

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் பழைய நகைகளுக்குக் கல் மாற்றிப் பதிப்பது என் தொழில். வரதராஜன்பேட்டையிலிருந்து சவரியம்மாள் தன் மருமகள் ஆனி ரோஸோடு வந்தார். ஏழு சிவப்புக் கல் வைத்த அட்டிகை, நடுக்கல் இல்லை. மருமகள் கழுவும்போது விழுந்துவிட்டதாம். விழுந்த கல்லை ஆனி ரோஸ் கைக்குட்டையிலிருந்து அவிழ்த்துக் காட்டினாள். அது வெள்ளைக் கல்.

“மாணிக்கத்த வித்துட்டு கண்ணாடிய காட்டுறா. ரெண்டு மாசமா அவ அம்மா வூட்லதான் இருக்கா. மாணிக்கம் எங்கன்னு சொல்லட்டும், அப்பறம் வரட்டும்” என்றார் சவரியம்மாள்.

“விழுந்தது இதுதாங்க அக்கா” என்றாள் அவள் என்னிடம்.

“ஏம்மா, செவப்புக் கல்லு விழுந்தா வெள்ளையாவா போவும்? யார்ட்ட கத வுடுற?” என்று கேட்டுவிட்டேன். அவள் கல்லை மறுபடியும் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

சவரியம்மாள் கேட்டபடி திருச்சியிலிருந்து ஒரு மாணிக்கம் வாங்கி வந்து குழியில் வைத்தேன். மற்ற ஆறும் ஜொலிக்க, அது மட்டும் கறுத்துக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! அப்படி எப்படித்தான் பதித்திருக்கிறார்கள் என்று பக்கத்துக் கல்லை மெல்லக் கழற்றினேன்.

ஆத்தாடி! கையில் வந்தது வெள்ளைக் கல்.

குழிக்குள் வெங்காயத் தோல் மாதிரி ஒரு தகடு. அதில்தான் சிவப்புச் சாயம். பளபளப்புக்காகச் சிவப்புக் கல்லுக்கு அடியில் தகடு வைப்பது நாங்களும் செய்வதுதான். வெள்ளைக் கல்லையே மாணிக்கமாக்கிக் காட்டியதை நான் பார்த்ததில்லை. வைத்தேன், சிவந்தது. எடுத்தேன், வெளுத்தது. பத்துத் தடவையாவது செய்து பார்த்திருப்பேன். எந்தக் காலத்து ஆளோ, எந்த ஊரோ, என்ன கை சாமி அது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியாது என்று தோன்றியது.

அப்புறம்தான் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

மறுநாள் இருவரையும் வரச் சொன்னேன். நடுக்குழியில் இருந்த தகடு கழுவும்போதே போயிருக்க வேண்டும். அவர்கள் முன்னாலேயே புதுச் சிவப்புத் தகடு வைத்து, கைக்குட்டைக் கல்லை அதன்மேல் இறக்கினேன். ஏழும் ஒன்றுபோலச் சிவந்தன.

“மாதாவே!” என்று சிலுவை போட்டுக்கொண்டார் சவரியம்மாள். “இத்தன வருஷம் என் கழுத்துல கெடந்துச்சே, தெரியலயே!” கல்லைத் தானே எடுத்தார், தானே வைத்தார், மறுபடியும் எடுத்தார்.

நான் பதித்துக் கொடுத்ததும் அட்டிகையை மருமகள் கழுத்தருகே கொண்டுபோனார். “வா, வூட்டுக்குப் போவோம்.”

ஆனி ரோஸ் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நான் திருடலன்னு மொதல்ல வாயால சொல்லுங்க அத்தை.”

நீள வாய் எனக்குத்தானே, நான் முந்திக்கொண்டேன். “நீ திருடல ஆனி. நான் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சுக்க.”

சவரியம்மாளும் சொன்னார், அட்டிகையைப் பார்த்துக்கொண்டே.

“என்னப் பாத்து சொல்லுங்க” என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.