மூடாத ஓடு

1

இந்தக் கதை ஒரு பேரத்தில் பிறந்தது. வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தங்கை, ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே தனியாக ஓர் அறை பார்த்துவிட்டாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"சரி, என் வேலையப் பத்தி ஒரு கதை எழுது. தப்பில்லாம நீ முடிக்கிற வரைக்கும் இங்கயே இருந்து திருத்திக் குடுக்கறேன். முடிஞ்சதும் கெளம்பிடுவேன்" என்றாள்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் எவ்வளவு அவசரமாக எழுதியிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: "வைரஸின் ஆர்.என்.ஏ. இழையை மூடும் புரத ஓட்டினை ஒரு கொத்தனார் செங்கல் செங்கலாக..."

(அடித்துவிட்டாள்.)

"கொத்தனாரெல்லாம் கெடையாது. செல்லுக்குள்ள புரதத் துண்டுங்க அதுங்க பாட்டுக்கு மிதந்துட்டு இருக்கும். ஆர்.என்.ஏ. இழையில சிலது வந்து ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். ஒரு சின்னக் கூட்டம் நெலச்சு நின்னுடுச்சுன்னா, மத்ததெல்லாம் மளமளன்னு சேந்து ஓடு மூடிக்கும்."

"யாரும் சொல்லாமலா?"

"யாரும் சொல்லாமத்தான்."

இரண்டாவது தொடக்கத்தில் கொத்தனாரை எடுத்துவிட்டுப் பொறியாளரைப் போட்டேன்.*

* வேண்டுமென்றேதான். ஒரு பிழைக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது.

3

கதைக்கு ஆள் வேண்டுமே. வழுக்கைத் தலையும் முன்கோபமும் உள்ள ஒரு பேராசிரியரை உட்கார வைத்தேன். "இந்த ஆள் ஆய்வகத்துப் பக்கமே வந்ததில்ல போல" என்று சிரித்தாள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளையே எழுதத் தொடங்கினேன், போன மாதம் அவள் சொதப்பிய சோதனையோடு.

"பிடி பலமா இருந்தா ஓடு நல்லா மூடும்னு நெனச்சேன். புரதத்தக் கொஞ்சம் மாத்தி, கெட்டியா ஒட்டுற மாதிரி பண்ணேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா எல்லாம் பாதி ஓடு, கோணல் ஓடு."

"ஏன்?"

"தப்பான எடத்துல ஒட்டின துண்டு கழண்டு வரணும்க்கா. பிடி லேசா இருந்தாத்தான் கழலும். இறுக்கிப் புடிச்சா அங்கயே மாட்டிக்கும்."

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

[முந்தைய வாக்கியத்தை நம்ப வேண்டாம். அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.]

4

முடிவு அ: தங்கை போகவில்லை. ("பொய்" என்று ஓரத்தில் எழுதினாள்.)

முடிவு ஆ: அறையின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் மனம் மாறுகிறார். ("அக்கா, சகிக்கல.")

முடிவு இ: தங்கை போகிறாள். நான் வாசல்வரை

5

இன்று காலை எல்லாப் பக்கங்களையும் வாசித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"தப்பு எதுவும் இல்ல. பொறியாளரக்கூட நீ வேணும்னேதான் போட்டேன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா உக்காந்து திருத்தின?"

"எனக்கும் கொஞ்ச நாள் வேணும்ல."

அவள் எழுந்து போய்த் துணிகளை எடுத்து வைத்தாள்.

இப்போது கீழே வண்டி நிற்கிறது. அவள் பையோடு வாசலில் நின்று, "முடிச்சிட்டியாக்கா?" என்கிறாள். மூன்றாவது முடிவில் அரை வாக்கியம்தான் பாக்கி. அதற்கு என்ன வார்த்தைகள் வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். பேனாவைப் பிடித்த விரல்கள் வலிக்கின்றன.

நீங்கள் எழுதிவிடுங்கள். அவளைப் போக விடுங்கள். எனக்கு மனம் வரவில்லை.