இரண்டு சீசன்

பினாங்கு சூலியா தெருவில் இருக்கும் பஷீரின் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மதிய நேரம் கால் வைக்க இடம் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பஷீர், வாடிக்கையாளர் ஏந்தி வரும் தட்டை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். கோழித் துண்டு, கணவாய், வெண்டைக்காய், மேலே ஊற்றிய குழம்பு எல்லாம் அந்தப் பார்வையில் அடங்கிவிடும். "பன்னெண்டு வெள்ளி" என்று விலையைச் சொல்லிவிடுவார். தராசும் இல்லை, விலைப் பட்டியலும் இல்லை. அந்தக் கடைகளின் வழக்கமே அப்படித்தான். தன் கண் ஒரு நாளும் தப்பியதில்லை என்று பஷீருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பெற்ற மகன் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் வேலை செய்யவில்லை. கடை வாசலில், ஐந்தடி நடைபாதைக்கு மேலே, பெரிய பேனர் ஒன்று தொங்கியது. அதில் அவர் மகன் இக்மல் கக்கத்தில் கூடைப்பந்தை இடுக்கிக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே 'தஹ்னியா' என்று மலாய் வாழ்த்து. காலுக்குக் கீழே கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் பெயர். பையன் அந்தக் கல்லூரியில் இன்னும் சேரவில்லை, சேர்வதாகக் கையெழுத்தும் போடவில்லை. கல்லூரி அணியின் மேனேஜர் கமால் முதல் தடவை வந்து பேசிவிட்டுப் போன கையோடு பேனரை அடித்து அனுப்பிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, பஷீரும் அதைத் தூக்கிக் கட்டிவிட்டார்.

ஊர் பார்த்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "மாஷா அல்லா பஷீர், ஃபுல் ஸ்காலர்ஷிப்பாம்ல! நம்ம புள்ள பாஸ்கெட்பால்ல போறது சும்மாவா?" வரும் வெள்ளிக்கிழமை துஆ ஓதிப் பிரியாணி கொடுப்பதாகவும் பஷீர் சொல்லிவிட்டார். இனி வேண்டாம் என்றால் ஊர் வாயை யார் மூடுவது? கமாலுக்கும் இது நன்றாகத் தெரியும். அதற்காகத்தானே பேனர்!

இக்மலுக்கு இன்னொரு வழியும் இருந்தது. பினாங்கிலேயே ஒரு கல்லூரி. அங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த ஊய் என்ற சீனப் பெண்மணி, பள்ளிப் போட்டியில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். பிசியோதெரபி டிப்ளோமா. வகுப்பு முடிந்த பிறகுதான் பயிற்சி. வகுப்புக்கு வராதவனுக்கு மேட்ச் கிடையாது. இதைத்தான் முதல் பேச்சாகச் சொன்னார். பாதிக் கட்டணத்தை வீட்டில் கட்ட வேண்டும். பேனர் எதுவும் தரவில்லை.

இக்மலுக்கு அதுதான் பிடித்திருந்தது. பள்ளியில் ஃபார்ம் ஃபோர் படிக்கும்போது கணுக்கால் பிசகிப் படுத்துக் கிடந்தவனைப் பொது மருத்துவமனையில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் மறுபடி ஓட வைத்தார். அன்று முதல் அவனுக்கு அந்தப் படிப்பின் மேல் ஒரு கண்.

"எனக்கு பாஸ்கெட்பாலும் வேணும், படிப்பும் வேணும் அத்தா. ரெண்டையும் தர்ற எடத்துக்குப் போறேன்" என்று கெஞ்சிப் பார்த்தான்.

"சும்மா கூப்பிடறவன விட்டுட்டு காசு கட்டிப் போறேங்கிற. மூளை இருக்கா ஒனக்கு? கோலாலம்பூர் டீம்ல ஆடினா டிவில வருவடா!" என்று பஷீர் அவன் வாயை அடைத்துவிட்டார்.

கமால் கையெழுத்து வாங்க வரவேண்டிய நாளும் வந்தது. காலையில் குழம்புச் சட்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது, பஷீரின் மனைவி சல்மா ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய தோழி நோர்மாவின் மகன் சாஹித். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கல்லூரிக்கு, அதே அணிக்கு விளையாடப் போனவன். இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நடக்கும்போது இடது கால் லேசாக இழுக்கும்.

"என்கிட்ட சொன்னத மாமாகிட்ட சொல்லு தம்பி" என்றாள் சல்மா.

சாஹித் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "என்னையும் இப்படித்தான் கூப்பிட்டாங்க மாமா. காலைல ஜிம், மத்தியானம் ட்ரெய்னிங், சாயங்காலம் மேட்ச். கிளாசுக்குப் போக விடவே இல்ல. வந்ததா அவங்களே டிக் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் முட்டி போச்சு. டீம்ல எடம் இல்லேன்னுட்டாங்க. சரி, படிப்பையாவது பாப்போம்னு தோங்காட் கட்டைய ஊனிக்கிட்டு கிளாசுக்குப் போனேன். லெக்சரர் என்னையப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டாங்க. அது ரெண்டாவது வருசம் மாமா. எனக்கும் அவங்க பேர் தெரியாது."

இதைக் கேட்டுக் கல்லும் கரைந்திருக்கும். பஷீர் கரையவில்லை. பேனர் கட்டியவனுக்கு அவ்வளவு சீக்கிரம் காது கேட்காது.

"நீ ஒழுங்கா படிச்சிருந்தா ஏன் இந்த நெலமை? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!"

சாஹிதின் முகம் சிவந்தது. எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான். "நான் நல்லா ஆடினேன் மாமா. அதனாலதான் கிளாசுக்கு விடல." இவ்வளவுதான் சொன்னான். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான்.

சல்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "காலை இழுத்துக்கிட்டு வந்து ஒரு புள்ள நல்லது சொல்லுது. அது வாயில மண்ணப் போட்டு அனுப்புறீங்க! ஒங்களுக்கு மவன் படிக்கணுமா, இல்ல வாசல்ல தொங்கணுமா? சொல்லுங்க!"

"கஸ்டமர் வர்ற நேரத்துல கத்தாத!"

"கத்துவேன். இன்னிக்கிக் கத்தாம, நம்ம மவனும் நொண்டிக்கிட்டு வந்த பொறவா கத்துறது?" கையில் இருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மதியம் கமால் தன் காடியை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கூடவே அணியின் ட்ரெய்னர் ஃபிக்ரி. கமால் தமிழ் முஸ்லிம்தான். வாயைத் திறந்தால் 'மாமா'. நம்ம ஆள் நம்மைக் கெடுக்கமாட்டான் என்று பஷீர் நம்பியதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆட்டுக்குக் கொஞ்சமாவது சந்தேகம் வர வேண்டாமா? பஷீர் இருவரையும் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்காரவைத்து, பெரிய கோழியாகப் பார்த்து வைக்கச் சொன்னார். இக்மலும் வந்து உட்கார்ந்தான்.

"கமால் அண்ணே, எனக்கு பிசியோ கிளாஸ் எந்த நேரத்துல?" என்று அவன் கேட்டான்.

கமால் சிரித்தார். "பிசியோவா? அது ஹாஸ்பிட்டல்ல போயி நிக்கணும் தம்பி, ட்ரெய்னிங்குக்கு ஒத்து வராது. ப்ளேயர்ஸ் எல்லாருக்கும் ஒரே கோர்ஸ்தான், ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட். ஈஸி லா. நீ கிளாசுக்குப் போகலைன்னாலும் பரவால்ல, ஆள் இருக்கு, பாத்துக்குவாங்க."

"பரீட்சைக்கு?"

"அதையும் பாத்துக்குவாங்க லா. நீ பந்தக் கூடைக்குள்ள போடு, அது போதும்."

காலையில் சாஹித் சொன்னது பஷீரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் வாய் பழைய பாட்டைத்தான் பாடியது. "பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத இக்மல். கையெழுத்தப் போடு."

"ஒரு நிமிசம்" என்று ஃபிக்ரி எழுந்தார். இக்மலை எழுந்து நிற்கச் சொன்னார். தோளைத் தட்டிப் பார்த்தார். கையை விரிக்கச் சொல்லி நீளத்தைக் கண்ணால் அளந்தார். குனிந்து இரண்டு முட்டிகளையும் அழுத்தி, மடக்கச் சொல்லி, நீட்டச் சொன்னார். பையன் கூச்சத்தில் நெளிந்தான். பக்கத்து மேசைக்காரர்கள் சோற்றை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு ஃபிக்ரியும் கமாலும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். சோற்றுக் கடைக்காரருக்கு என்ன புரியப் போகிறது என்ற எண்ணம். தெரு முழுக்க வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. அவர்களுக்கெல்லாம் சோறு போட்டே பஷீர் ஆங்கிலம் கற்றவர் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"முட்டி கெட்டியா இருக்கு. ரெண்டு சீசன் தாங்கும்" என்றார் ஃபிக்ரி.

கமால் கோழி எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "ரெண்டு போதும். அதுக்குள்ள அடுத்த பையன் கெடைச்சிருவான். இதே ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தானே, அவன் ஒண்ணரைதான் தாங்கினான்."

அந்த நேரம் பார்த்துக் கல்லாவுக்கு முன்னால் ஒருவர் தட்டை நீட்டினார். "அண்ணே, கீரா!" என்றார், விலை சொல்லச் சொல்லி.

பஷீர் தட்டைப் பார்த்தார். கோழி, கணவாய், முட்டை. ஃபிக்ரி தன் மகனைப் பார்த்த பார்வை அவருக்குப் பழக்கமான பார்வை. நாள் முழுக்க இதே கல்லாவில் உட்கார்ந்து அவரே பார்க்கும் பார்வை. என்ன இருக்கிறது, எவ்வளவு தேறும், அவ்வளவுதான். தட்டு காலியான பிறகு அதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? விலை சொல்ல நாக்கு எழவில்லை. காலையில் சாஹிதைத் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அவருக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "எந்திரி."

"என்ன மாமா?" என்றார் கமால்.

"மாமான்னு கூப்பிடாத! கையக் கழுவிட்டு எந்திரி. ரெண்டு சீசன் தாங்குமா? பொறவு? அடுத்த பையனா? எம்மவன் என்ன கறிவேப்பிலையாடா, வாசத்துக்குப் போட்டுட்டு எடுத்துத் தூர எறிய? படிக்கக் கூப்பிடறேன்னு சொல்லித்தானடா என் கடைல வந்து உக்காந்த! படிப்ப யாரோ பாத்துக்குவான், பரீட்சைய யாரோ பாத்துக்குவான், முட்டி மட்டும் எம்புள்ளையோடதா?"

கமால் பதறவில்லை. இப்படிப்பட்ட அப்பன்மார்களை அவர் நிறையப் பார்த்தவர். குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுப் பேசுங்க. ஊரே பேனரப் பாத்திருச்சு. வெள்ளிக்கிழமை விருந்து வேற. இப்ப வேணாம்னா ஒங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார்.

பஷீர் கறி வெட்டும் கத்தியை எடுத்தார். ஃபிக்ரி இரண்டடி பின்னால் போனார். பஷீர் அவரைக் கடந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அதன் மேல் ஏறி, பேனரைக் கட்டியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அது சரசரவென்று நடைபாதையில் விழுந்தது. சுருட்டிக் கமாலின் கையில் திணித்தார்.

"எடுத்துட்டுப் போ. அடுத்த புள்ளைக்கு மூஞ்சிய மட்டும் மாத்தி ஒட்டிக்க. காடில ஏறறதுக்கு முன்னால சாப்பிட்டதுக்கு முப்பது வெள்ளிய வெச்சிட்டுப் போ!"

உள்ளே இருந்து சல்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. "இதக் காலைலயே செஞ்சிருக்கலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை விருந்தை பஷீர் நிறுத்தவில்லை. அதற்குள் இக்மல் பினாங்குக் கல்லூரியில் பிசியோதெரபிக்குச் சேர்ந்திருந்தான். முதல் நாளே பயிற்சியாளர் ஊய் அவனுடைய வகுப்பு அட்டவணையை வாங்கித் தன் மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டாராம். நோர்மாவின் வீட்டுக்கு பஷீர் நேரில் போய் அழைத்ததால் சாஹிதும் வந்திருந்தான். பஷீர் தன் கையாலேயே அவனுக்குப் பரிமாறினார்.

"அன்னிக்கி நான் பேசினது தப்பு தம்பி. மன்னிச்சிரு."

"விடுங்க மாமா" என்றான் சாஹித். ஆனால் தலை நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. பஷீரும் வற்புறுத்தவில்லை.

பக்கத்தில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் ஹஸ்ருல், நல்லி எலும்பைத் தட்டியபடி பஷீரின் அருகில் வந்தார். "ஒங்க மவனுக்குத்தான் வேணாம்னுட்டீங்க. பரவால்ல. அந்த கமால் நம்பரக் குடுங்க பஷீர். எம்மவன் ஃபுட்பால் நல்லா ஆடுறான். படிப்புதான் ஏறல. அங்கயாவது தள்ளி விட்டுருவோம்." சொல்லிக்கொண்டே கைப்பேசியை வெளியே எடுத்தார்.

பஷீருக்கு அடங்கியிருந்த ஆத்திரம் மறுபடி தலைக்கு ஏறியது. பந்தி முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"தள்ளி விடறதுக்கு அவன் என்ன பழுதான காடியா ஹஸ்ருல்? அந்தா உக்காந்திருக்கான் பாரு சாஹித், அவனும் நல்லா ஆடினவன்தான். அவனப் படிக்கலைன்னு ஏசினோமே தவிர, படிக்க விட்டாங்களான்னு நம்மள்ல ஒருத்தனாச்சும் கேட்டோமா? புள்ள வெளையாடட்டும், யாரு வேணாங்கிறா? ஆனா அவனத் தேடி எவன் வந்தாலும், எத்தன அடி ஒயரம்னு கேக்கறதுக்கு முன்னாடி, என்ன படிக்கப் போறேன்னு கேக்கறானான்னு பாரு. கேக்கலைன்னா அவன் ஒம்புள்ளையத் தேடி வரல, முட்டியத் தேடி வந்திருக்கான். முட்டி ரெண்டு வருசத்துல தேஞ்சிரும். படிச்ச படிப்ப எவனும் புடுங்க முடியாது. சோத்துத் தட்டப் பாத்து வெல சொல்லலாம், அது என் தொழிலு. புள்ளையப் பாத்து வெல சொல்றவன வாசப்படி ஏற விடாத!"

ஹஸ்ருல் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார்.