பாட்டில் கழுத்தில் மஞ்சள்

அக்காக்காரிக்கு வேலை, மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் கொழுப்புத் துளிகளை அளப்பது. சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக் குழாய் வழியே ஏற்றும் மருந்து அது, பார்க்கப் பால் போலவே இருக்கும். எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கித் தண்ணீரில் நிறுத்தியிருப்பார்கள். துளிகள் ஒன்றுகூடிப் பெருத்தால் போச்சு, நுரையீரலில் போய் அடைக்கும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை, அந்த மருந்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பாட்டில்ல மேல ஆடை மாதிரி நிக்குது. ஏத்தலாமான்னு நர்ஸ் யோசிக்கிறாங்க."

"ஆடைதானே? மெதுவா கவுத்து கவுத்து நிமித்தச் சொல்லு, கலந்துடும். இங்க தினம் நான் அப்படித்தான் பண்றேன்."

பொய்யில்லை. அசையாமல் நின்ற பாட்டிலில் ஆடை கட்டுவது சகஜம். அளப்பதற்கு முன்னால் கவிழ்த்துக் கலக்கிக் கலக்கிப் பழகிய கை, அந்தப் பழக்கம்தான் வாயில் வந்தது. வெள்ளையா மஞ்சளா என்று ஒரு வார்த்தை கேட்டாளா, பாவி? வெள்ளை என்றால் வெறும் ஆடை. மஞ்சள் என்றால் பிரிந்துபோன எண்ணெய். குலுக்கினால் கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான்.

மதியத்துக்குள் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. டாக்டர் மருந்தை நிறுத்தி, மிச்சத்தைச் சோதிக்கக் கம்பெனிக்கே அனுப்பினார். கெடாமல் இருக்கட்டும் என்று வார்டில் யாரோ அதை ஐஸ் கட்டும் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். உறைந்தால் எண்ணெய் தானாகவே பிரிந்துவிடும், காலையில் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது.

முதல் மெஷினில் அளந்ததும் மேலாளர் எட்டிப் பார்த்தார். "சராசரி சரியாத்தானேம்மா இருக்கு?"

"சராசரி எப்பவும் நல்லாத்தான் சார் காட்டும். பெருசு கொஞ்சம்தான் இருக்கும். ஆளைக் கொல்றது அதுதான்."

பெரிய துளிகளை மட்டும் எண்ணும் மெஷினில் எண்ணிக்கை வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. மேஜைமேல் நின்ற பாட்டிலின் கழுத்தில் மெல்லிய மஞ்சள் வளையம். மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. சுவரோரம் நர்ஸ் அழுதுகொண்டிருந்தாள். தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்களை யாரும் திட்டாதீங்கக்கா. மஞ்சளா இருக்கு, வேணாம்னுதான் சொன்னாங்க. எங்கக்காவுக்குத் தெரியாததான்னு நான்தான் ஏத்தச் சொன்னேன். நீ சொன்னது சரிதானேக்கா?"

"தப்புடி. நான் கேக்காம சொல்லிட்டேன்."

பிடித்திருந்த கையைத் தங்கை விட்டாள்.