காசு போட்டுத் திருகும் பெட்டி

காலண்டர் சீசன் முடிந்துவிட்டால் சிவகாசியில் பேப்பர் கடைகள் ஓய்ந்துபோகும். அப்படி ஒரு கடையில் தவுபிக் விற்பனையாளனாக இருந்தான். பொங்கல் கழிந்ததும் கமிஷன் நின்று வெறும் சம்பளம்தான் வரும். அந்த மாதங்களுக்குத் தன் பங்காக ஒரு வரும்படி வேண்டும் என்று அவன் மனைவி நசிமா வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தாள்.

மதுரையில் அக்கா மகளின் கல்லூரி விடுதிக்குப் போயிருந்தபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். காசைப் போட்டுக் குமிழைத் திருகினால் நாப்கின் விழுந்தது. கடை வாடகை கிடையாது, ஆள் உட்கார வேண்டாம், வாரம் ஒருமுறை போய் நிரப்பினால் போதும். ஊருக்குத் திரும்பியதும் சீட்டை எடுத்து ஒன்று வாங்கிவிட்டாள்.

தவுபிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே மாட்டுவது, அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்பதில்தான் அவனுக்குச் சங்கடம். லேபிள் பேப்பர் கொடுத்த பழக்கத்தில், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ராஜபாண்டியனிடம் போய்ப் பேசினான். பெண்களுக்கான சாமான் என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கரண்ட் வேண்டுமா என்று மட்டும் விசாரித்தார். வேண்டாம் என்றதும், கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் அறைச் சுவரில் மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அடுத்த மூன்று வாரமும் நசிமா போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வைத்தது வைத்தபடியே இருந்தது. இருநூறு பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடம். இவர்களுக்குப் பழக்கமில்லை, எடுத்துச் சொன்னால் வாங்குவார்கள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். மறுநாள் காலையில் கம்பெனி வேனில் இடம் கேட்டு ஏறினாள்.

ஜன்னலோரம் இருந்த வேலுத்தாய் நகர்ந்து இடம் கொடுத்தாள். சக்கரத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை அவளுக்கு. நாற்பதைத் தாண்டியவள். வழியெல்லாம் நசிமா சுத்தம், ஆரோக்கியம் என்று பேசிக்கொண்டே வந்தாள். வேனில் இருந்தவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது வேலுத்தாய் மெல்லச் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியாமலா இருக்கு, தாயி? எம் மக அதைத்தான் வாங்குதா. நீங்க பொட்டியக் கொண்டாந்து வாட்ச்மேன் மூஞ்சிக்கு நேரா மாட்டியிருக்கீக. கடகடன்னு சத்தம் வேற. யாரு போயி அதைத் திருகுவா?"

நசிமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்லூரி விடுதியில் அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். மாடிப்படிக்குப் பின்னால், குளியலறையை ஒட்டி. தானும் ஒரு பெண்தானே, இது எப்படித் தோன்றாமல் போனது என்று அன்றைக்கு முழுவதும் அவளுக்கு உறுத்தியது.

வேலுத்தாய் ஒரு யோசனையும் சொன்னாள். சாயங்காலம் வேன் ஏறுவதற்கு முன் கையிலும் முகத்திலும் படிந்த மருந்துப் பொடியைப் பெண்கள் கழுவிவிட்டுப் போகும் குளியலறை, பட்டாசு செய்யும் ரூம்களை விட்டுத் தள்ளி வேலியோரம் இருந்தது. அங்கே ஆண்கள் யாரும் வருவதில்லை.

இந்த முறை நசிமா தானே மேனேஜரைப் பார்க்கப் போனாள். புதிதாக எதையும் உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை என்று ராஜபாண்டியன் ஆரம்பித்தார். அவள் எதிரில் உட்கார்ந்து, நாப்கின் என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லி, எந்த நாளில் எந்தப் பெண்ணுக்கு என்ன சிரமம் என்று விளக்கத் தொடங்கியதும் அவர் மேஜை மேலிருந்த சரவெடிப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாதி சொல்வதற்குள், சரிம்மா, போர்மேனை அனுப்புறேன், மாட்டிக்கோங்க என்று எழுந்துவிட்டார்.

குளியலறைக்கு மாறிய பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. வேலைக்கு வருகிற பெண்கள் தூக்குவாளி மட்டும்தான் கொண்டுவந்தார்கள், மடியில் காசு இருக்காது. நசிமா ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் காசுகளைப் போட்டுப் பெட்டிக்கு மேலே வைத்தாள். வேண்டியவர்கள் அதிலிருந்து எடுத்துத் திருகிக்கொள்ளட்டும், சம்பள நாளில் டப்பாவில் திருப்பிப் போட்டால் போதும் என்று வேலுத்தாயிடம் சொல்லிவிட்டு வந்தாள். உன் காசைக் கொண்டு உன்னிடமே வாங்குகிறார்களா என்று தவுபிக் சிரித்தான். ஆனால் டப்பா வெறுமையாகவில்லை. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது, வீட்டு மளிகையில் ஒரு பகுதிக்கு ஆனது. அதைவிட, வாரா வாரம் போகும்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வர அவளுக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

ஆனி மாதத்தில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் சோதனை நடந்து, ராஜபாண்டியனின் கம்பெனியையும் மறு உத்தரவு வரும்வரை மூடிவிட்டார்கள். செய்தி கேட்டதும் நசிமாவுக்கு முதலில் தோன்றியது, பெட்டி உள்ளே மாட்டிக்கொண்டதே என்பதுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பெண்கள் இப்போது என்ன செய்வார்கள் என்று நினைத்தாள். நினைப்பு வந்த அந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வேலுத்தாய் போன் செய்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் எம். புதுப்பட்டியில் வேறு கம்பெனிக்குப் போகிறார்களாம்.

"இங்கன இருக்கிற பொம்பளைகளும் கேக்காக. இந்தக் கம்பெனி மேனேஜர்ட்ட நானே பேசிட்டேன். உங்க பொட்டிய எடுத்துட்டு வாரீகளா?"

"நீங்களேவா பேசுனீக, அக்கா?"

"நீங்க பேசலையா? அதே மாதிரிதான்."

மறுநாள் ராஜபாண்டியன் கேட்டைத் திறந்துவிட, நசிமாவும் தவுபிக்கும் உள்ளே போனார்கள். தவுபிக் திருப்புளியால் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். குளியலறைச் சுவரெங்கும் ஒட்டுப் பொட்டுகள். முகம் கழுவும்போது எடுத்து ஒட்டிவைத்து, வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் மறந்துவிட்டுப் போனவை. கறுப்பு, சிவப்பு, கல் வைத்தது என்று நெருக்கமாக இருந்தன. எந்தப் பொட்டு யாருடையது என்று சிலவற்றை அவளால் சொல்ல முடிந்தது. தவுபிக் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

எம். புதுப்பட்டி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனாள். வருமானம் இனியும் பெரிதாக வந்துவிடப் போவதில்லை. இந்தக் கம்பெனியும் ஒருநாள் மூடலாம். இருந்தாலும் வேறு தொழில் பார்க்கலாமா என்ற எண்ணம் அவளுக்கு வரவில்லை. இரண்டாவதாக ஒரு பெட்டி வாங்க அடுத்த சீட்டு எப்போது கைக்கு வரும் என்று தவுபிக்கிடம் கேட்டாள். பழைய கம்பெனி திறந்தால் அங்கேயும் வேண்டுமே என்றாள்.

பஸ் நின்ற இடத்தில் வேலுத்தாய் கையெல்லாம் படிந்த மருந்துப் பொடியோடு காத்திருந்தாள். பெட்டியின் ஒரு முனையை அவள் பிடிக்க வந்தபோது, தன் சேலையில் படும் என்று நசிமா தடுக்கவில்லை.