சுற்றுலா விசாவில் ஒரு டீச்சர்

ஜோகுபாளையத்துத் தெருமுனையில் தன் மனைவியின் முகத்தை ஆளுயரத்துக்குப் பார்த்ததும், கிஷோர் வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டான்.

மின்கம்பத்துக்கும் பெட்டிக்கடைக்கும் இடையே கட்டிய ஃபிளெக்ஸில் தர்ஷினி சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் மார்க்கர், எதிரே சீருடைப் பிள்ளைகள், பின்சுவரில் பள்ளியின் பெயர். மேலே ‘தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியை! எங்கள் குலவிளக்கே வாழ்க!’ கீழே மாமனார் கோவிந்தப்பா கைகூப்பியிருந்தார். பக்கத்தில் மச்சினன் தினேஷ், கூலிங்கிளாஸோடு.

அந்தத் தெருவில் காதுகுத்துக்கே ஃபிளெக்ஸ் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு இல்லாமல் போகுமா? கிஷோருக்குத்தான் அது தோன்றாமல் போயிற்று.

அப்பாவும் மகனும் ஃபிளெக்ஸடியிலேயே நின்றிருந்தார்கள். “யாரைக் கேட்டு வச்சீங்க மாமா?”

“கேட்டு வேற வைக்கணுமா மாப்ளே? என் பொண்ணு!” என்றார் கோவிந்தப்பா.

“ரீல்ஸ் பாக்கலியா மாமா?” என்றான் தினேஷ். “தமட்டை மேளம் அடிச்சு ஓப்பன் பண்ணோம். அவ நமக்கு அனுப்பின கிளாஸ் வீடியோவையும் சேர்த்துட்டேன். நேத்தே போட்டாச்சு. ஸ்கூல் பேஜைக்கூட டேக் பண்ணிட்டேன்.”

“உடனே எடுடா அதை,” என்று கத்திக்கொண்டே கிஷோர் ஃபிளெக்ஸின் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

“பொண்டாட்டி மூஞ்சி பெரிசா இருக்குதுன்னு பொறாமை. வுடுண்ணா,” என்று பெட்டிக்கடைக்குள்ளிருந்து கடைக்காரி பாஞ்சாலி சிரித்தாள்.

கோவிந்தப்பா அவன் கையைத் தட்டிவிட்டார். “அவ சம்பாதிக்கிறது பொறுக்கலியா உனக்கு?”

“மாமா, அவ டூரிஸ்ட் விசாவுல போயிருக்கா.”

“எதுல போனா இன்னா? உள்ள வுட்டாங்க இல்ல?”

“ஊர் சுத்திப் பாக்கத்தான் விட்டாங்க. வேலை செய்ய வேற விசா. அதுக்கு மேல வேலை பர்மிட்டும் வேணும். ரெண்டும் இல்லாம கிளாஸ் எடுத்தா குத்தம் மாமா. புடிச்சா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்க.”

தெரிந்தேதான் போனாள். டிகிரி சான்றிதழைச் சரிபார்த்து அனுப்பத் தாமதமானது. பள்ளிக்கோ வகுப்பு தொடங்க வேண்டும். ‘முதலில் வாருங்கள், விசாவை மாற்றிக்கொள்ளலாம்’ என்றார்கள். பர்மிட் கிடைத்துவிட்டால் கணவன் என்ற முறையில் கிஷோரும் போய்ச் சேரலாம். கல்யாணமானதிலிருந்து ஒரே வீட்டில் இருந்ததைவிட அவர்கள் வீடியோ காலில் இருந்ததுதான் அதிகம். அந்த ஆசையில் அவனும் சரியென்று சொல்லியிருந்தான். அப்பாவிடம் மட்டும் எல்லாம் முறைப்படி நடந்ததாகச் சொல்லிவைத்திருந்தாள்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தர்ஷினி.

“கிஷோ,” ஸ்பீக்கரில் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “இமிக்ரேஷன் ஆபீஸருங்க வந்திருக்காங்க. யாரோ வீடியோவைக் காட்டியிருக்காங்க. என்ன வீடியோன்னே எனக்குத் தெரியல. லைப்ரரியில ஒளிஞ்சிருக்கேன்.”

“பாஸ்போர்ட்?”

“ஸ்கூல் ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க. ஆபீஸருங்களும் அங்கதான் உட்கார்ந்திருக்காங்க. கேட்டா, ஸ்கூலைச் சுத்திப் பாக்க வந்த விருந்தாளின்னு சொல்லச் சொல்றாங்க பிரின்சிபால் மேடம்.”

கோவிந்தப்பா போனைப் பிடுங்கினார். “அப்படியே சொல்லிட்டு வெளிய வந்துடும்மா!”

கிஷோர் திரும்ப வாங்கிக்கொண்டான். “வேணாம் தர்ஷு. நீ கிளாஸ் எடுக்கிறதை அவங்க வீடியோவுல பாத்துட்டாங்க. பொய் சொன்னா நீ மட்டும் மாட்டுவ. உண்மையைச் சொன்னா ஸ்கூலும் சேர்ந்து பதில் சொல்லணும்.”

“சொன்னா ஜெயில்ல வைப்பாங்களா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். “தெரியல தர்ஷு. போனை கட் பண்ணாத. நான் இருக்கேன்.”

கதவு திறக்கும் சத்தம். அவள் நடக்கும் சத்தம். பிறகு ஆங்கிலத்தில், பாடம் நடத்துகிற அதே நிதானத்தோடு அவள் சொல்வது கேட்டது: தான் இங்கே பாடம் எடுப்பதாகவும், பர்மிட் இல்லை என்றும். யாரோ புரியாத மொழியில் ஏதோ சொன்னார்கள். நாற்காலி இழுபட்டது. இணைப்பு அறுந்தது.

“சார், காடி தெகீரி!” வண்டியை எடுக்கச் சொல்லி, பின்னால் ஆட்டோக்காரர் கன்னடத்தில் கத்தி ஹாரன் அடித்தார். கிஷோர் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியைத் தினேஷ்தான் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“நான்தான் புடிச்சுக் குடுத்துட்டேனா மாப்ளே?”

கோவிந்தப்பா ஃபிளெக்ஸில் சிரிக்கும் மகளைப் பார்த்தபடியே கேட்டார்.

மத்தியானம் வரை மூவரும் பாஞ்சாலி கடை பெஞ்சிலேயே கிடந்தார்கள். பாஞ்சாலி தானாகவே டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“கிஷோ, அபராதம் போட்டுட்டாங்க, ஸ்கூலுக்கும் எனக்கும். நாளைக்கு ஃபிளைட்ல ஏத்தி விடுறாங்களாம். திரும்ப வர விடுவீங்களான்னு கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல.”

“நாளை வரைக்கும் எங்க இருப்ப?”

“இங்கேயே, இமிக்ரேஷன் ஆபீஸ்ல ஒரு ரூம்ல பூட்டி வைப்பாங்க. என் போனை வாங்கிட்டாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான்,” என்றான். “நீ வா. மத்ததை அப்புறம் பாக்கலாம்.”

“நைனா இருக்காரா?”

கோவிந்தப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சாப்ட்டியாம்மா?” என்றார்.

அவள் அழுவது கேட்டது. பிறகு இணைப்பும் போய்விட்டது.

“எந்த ஃபிளைட்டுன்னு கேக்கலியே!” கிஷோர் பதறினான். அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தான். யாரும் எடுக்கவில்லை.

கோவிந்தப்பா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “ஏர்போர்ட்டுக்குப் போயிரலாம் மாப்ளே. வர்ற ஃபிளைட்டெல்லாம் பாப்போம்.”