சும்மாக்காவின் மூக்கு

அலாரக் கடைக்காரரின் தங்கைக்குக் கடைத்தெரு வைத்த பெயர் சும்மாக்கா. அந்தப் பெயரை அவள் பாடுபட்டுத்தான் வாங்கினாள். தன் கையால் செய்த முதல் திருட்டு அலாரத்தை எதிர்ச்சாரித் துணிக்கடையில் மாட்டினாள். அது லாரி போனால் கத்தியது, காற்றடித்தால் கத்தியது, பல்லி குறுக்கே ஓடினால் கத்தியது. கத்தும்போதெல்லாம் துணிக்கடைக்காரர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெருவுக்கு ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வார்: "சும்மா." கொஞ்ச நாளில் உள்ளே போவதை விட்டுவிட்டார். தீர்ப்பு மட்டும் தொடர்ந்தது. அப்புறம் தெருவே சேர்ந்து அதைச் சொல்லப் பழகியது. ஒரு மதியம் அவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் பின்கதவு வழியாக ஒருவன் நுழைந்தான். அலாரம் தொண்டை கிழியக் கத்தியது. தெரு "சும்மா" என்றது. அவன் துணிக்கட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மாமியார் வீட்டிலிருந்து கிளம்புகிற மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடந்து போனான்.

"அலாரம் சரியாத்தானே அடிச்சுது? தெருவுக்குக் காது கேக்கலன்னா நான் என்ன பண்ண?" என்று அவள் கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. நியாயமான கேள்வியை யாருக்கும் பிடிப்பதில்லை. அன்றிலிருந்து அவள் சும்மாக்கா.

அவளுக்கு வெட்கம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. இந்தக் கூத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள். மின்னணுப் படிப்பைப் பாதியில் உதறிவிட்டு அலாரக் கண்காணிப்பு அறை ஒன்றில் வருஷக்கணக்காக இரவு ஷிப்ட் பார்த்தவள் அவள். ஊரிலிருக்கும் கடைகளும் வங்கிகளும் போடுகிற கூச்சலெல்லாம் அந்த அறைக்குத்தான் வந்து சேரும். சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லோருடைய கையும் முதலில் போவது சத்தத்தை நிறுத்தும் பொத்தானுக்கு. எந்த இடம், என்ன ஆயிற்று என்று கண் பார்ப்பது அதற்குப் பிறகு. சத்தம் நின்றதும் பாதிப் பேர் பார்ப்பதையும் நிறுத்திவிடுவார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு, பிள்ளை சமத்து என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற வேலை. அது வெறுத்துப்போய்த்தான் அவள் அண்ணன் கடையின் பின்பக்கம் ஒரு மேஜையைப் போட்டு, சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்தாள்.

துணிக்கடையில் மானம் போன பிறகு அதே மேஜையில் பிறந்ததுதான் மூக்கு. பெயர் வைத்தது அண்ணி. "எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறவளுக்கு ஏத்த சாமான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள், பெயர் ஒட்டிக்கொண்டது. மூக்கு அசைவைப் பார்ப்பதில்லை. கதவை நம்புவதில்லை. இறுக்கமாக மூடிய அறையின் காற்றை ஒரு சின்ன விசிறியால் உள்ளிழுத்து, மனிதன் மூச்சில் விடுகிற கரியமில வாயு அதில் எவ்வளவு என்று முகர்ந்துகொண்டே இருக்கும். ஆளில்லாத அறையில் அது மெதுவாகக் குறைந்துகொண்டு வரும். குறையாமல் ஏறிக்கொண்டே போனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

"திருடன் நடக்காம இருப்பான், இருமாம இருப்பான். மூச்சு விடாம இருப்பானா?" என்றாள் அண்ணனிடம்.

"பல்லியும்தான் மூச்சு விடும்."

"ஊர்ப் பல்லியெல்லாம் ஒண்ணா கூட்டம் போட்டா அடிக்கும். அப்ப அடிக்கட்டும்."

அண்ணனுக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. மூக்கு கத்தினால் வாசலில் நின்று அதை நிறுத்த முடியாது. நிறுத்தும் பொத்தானை அவள் வேண்டுமென்றே அறையின் கடைக்கோடியில் வைத்திருந்தாள். மின்சாரத்தைப் பிடுங்கினாலும் பயனில்லை, உள்ளே பேட்டரி. அதன் வாயை மூட வேண்டுமானால் அறை முழுக்க நடந்தாக வேண்டும். நடந்தால் பார்த்தாக வேண்டும். ஒரு மணியை நிறுத்த ஊர்வலமா போவார்கள், எவன் வாங்குவான் இதை என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். தங்கையின் பட்டப்பெயர் கடைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெரிய கம்பெனிகளின் அலாரப் பெட்டிகளை வாங்கி விற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவுக்கு வந்திருந்தார். அவற்றை அடுக்க ஒரு கண்ணாடி அலமாரிக்கு அளவும் கொடுத்தாகிவிட்டது. அது வந்து நிற்கவேண்டிய இடத்தில்தான் அவளுடைய மேஜை இருந்தது. கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மருந்துக் கிடங்கில் மூக்கைச் சோதித்துக் காட்டட்டும், தேறினால் மேஜை இருக்கும். ஒரு தடவை சும்மா அடித்தாலும் மேஜை போய்விடும், அவள் முன்பக்கம் உட்கார்ந்து அடுத்தவன் செய்த பெட்டியை விற்க வேண்டும்.

"சும்மா அடிச்சா மேஜையை நானே உடைச்சுத் தர்றேன்" என்றாள் அவள்.

மருந்துக் கிடங்கின் முதலாளியம்மா யாரையும் நம்பாத நிலைக்கு வந்திருந்தார். குளிரூட்டிய அறையிலிருந்து விலை உயர்ந்த ஊசி மருந்துகள் பல மாதமாகக் காணாமல் போயின. பூட்டில் கீறல் இல்லை. ஆள் அசைந்தால் கத்துவதற்காக வாசலைப் பார்த்தபடி மாட்டியிருந்த அசைவுக் கண் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. அவர் தன் ஆட்களை ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு முடித்து, இப்போது இரண்டாவது சுற்றில் இருந்தார். சோதனையைப் பற்றி ஆட்கள் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. கிடங்குக்கு விடுமுறை நாளாகப் பார்த்து மதியம் வரச்சொன்னார்.

அவள் அண்ணனோடு போய் மூக்கைக் கடைக்கோடிச் சுவரில் மாட்டினாள். மூலையில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. கனத்த துளைக்கருவியை அதன் மேல் வைத்து வைத்து எடுத்துத்தான் வேலையை முடித்தாள். பிறகு காற்றாடியைப் போட்டுத் தாங்கள் விட்ட மூச்சையெல்லாம் வெளியேற்றி, அறையை இறுக்க மூடிப் பூட்டினார்கள்.

சோதனை இரண்டு கட்டம். முதலில் காலி அறை. மூக்கு வாயைத் திறக்கக் கூடாது. அடுத்து, வாடகைத் திருடனாக வந்திருந்த பூட்டுக்காரர் உள்ளே போய்க் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்காருவார். மூக்கு கத்த வேண்டும். பூட்டுக்காரர் தொப்பையைத் தடவிக்கொண்டு, தான் மூச்சடக்குவதில் கெட்டிக்காரர் என்றும், கருவி தோற்றால் தன்மேல் வருத்தப்படக் கூடாது என்றும் சொல்லி வைத்தார். வாசல் காவலாளி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் நடையில் உட்கார்ந்து பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் மூக்கு கத்தியது.

கதவு இறுக்கமாக மூடியிருந்தும் சத்தம் பல்லைக் கூசவைத்தது. முதலாளியம்மாவின் கையிலிருந்த கோப்பை சேலையில் கவிழ்ந்தது. "நான் இன்னும் உள்ளயே போகலையே" என்றார் பூட்டுக்காரர், ஏமாற்றத்தோடு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவளைப் பற்றி ஒன்றும் தெரியாத காவலாளி, யாரும் கேட்காமலே அந்தச் சொல்லைச் சொன்னார்:

"சும்மா அடிக்குது போல."

அவள் எழுந்தாள். அவளை அறியாமல் அவள் கை கதவோரச் சுவரைத் தடவியது. அங்கே பொத்தான் இருந்திருந்தால் அந்தக் கணமே அமுக்கியிருப்பாள். அமுக்கிவிட்டு, காற்று சரியாக வெளியேறவில்லை, இன்னொரு தடவை பார்ப்போம் என்று ஏதாவது சப்பைக்கட்டுக் கட்டியிருப்பாள். கைக்கு வெறும் சுவர்தான் அகப்பட்டது. அந்தச் சுவரை வெறுமையாக விட்டவளும் அவள்தான்.

"போதும்மா," என்றார் அண்ணன். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. "நிறுத்திட்டு வா. வீட்டுக்குப் போலாம்."

"நிறுத்தணும்னா உள்ள போகணும்."

"போய் நிறுத்து."

"எல்லாரும் வாங்க" என்றாள்.

அழைத்திருக்கவே வேண்டாம். அந்த அறைக்குள் யாரையும் தனியாக விடுகிற பழக்கம் முதலாளியம்மாவுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்ததும் சத்தம் அவர்கள் முகத்தில் அறைந்தது. அவள் காதைப் பொத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு அலமாரிச் சந்திலும் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பின்னால் மூவரும் காதைப் பொத்தியபடி வரிசையாக வந்தார்கள். ஊர்வலம்தான், அண்ணன் சொன்னது சரி. முதல் சந்தில் ஆளில்லை, அடுத்ததிலும் இல்லை. கடைசிச் சந்தையும் தாண்டிச் சுவருக்கு வந்துவிட்டார்கள். எங்குமே ஆளில்லை. அண்ணன் பொத்தானை அமுக்கும்படி கையால் சைகை செய்தார்.

அவள் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மேஜை போயிற்று என்று நினைத்தாள். அப்போதுதான் கண் அட்டைப்பெட்டியின் மேல் விழுந்தது.

முதலாளியம்மாவின் காதருகே குனிந்து கத்தினாள். "இந்தப் பெட்டில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல, காலிப்பெட்டி. பழைய பேப்பர்காரனுக்குப் போடணும்."

"காலிப்பெட்டி என் டிரில்லை எப்படித் தாங்குச்சு?"

மூடி மடித்த வெறும் அட்டையின் மேல் அந்தக் கனத்தை வைத்தால், கருவி அதைப் பொத்துக்கொண்டு அடியில் போய் விழுந்திருக்க வேண்டும். அவள் காலைத் தூக்கி ஓர் உதை விட்டாள்.

பெட்டி "அம்மா" என்றது.

மேல்மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு தலை எழுந்தது. கிடங்குக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாளில் கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டிருந்தார். பக்கத்தில் தயாராக ஒரு காலி கேன்.

"கேன் எடுக்க வந்தேன்மா" என்றார்.

முந்தின நாள் சாயங்காலமே பூட்டிய அறை. அவருடைய தந்திரத்தில் சிக்கல் ஒன்றுமே இல்லை. மூடுகிற நேரத்தில் கேன் போட வந்து உள்ளேயே தங்கிவிடுவார். அசைவுக் கண்ணுக்கு எட்டாத மூலையில் இருந்து வேண்டியதை எடுப்பார். வேலை நாளில் கதவு திறந்ததும் காலி கேனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தோடு வெளியே போவார். உள்ளே வந்தவரை எல்லோரும் பார்த்தார்கள், போனாரா என்று ஒருவரும் பார்த்ததில்லை. களவு போன மருந்துக்காக முதலாளியம்மாவோடு சேர்ந்து அதிகம் புலம்பியவரும் அவர்தான். பூட்டுக்காரர் அவருடைய கம்பளிச் சட்டையை இழுத்தார். இடுப்புப் பையில் ஊசி மருந்துக் குப்பிகள் பஞ்சு சுற்றி அடுக்கியிருந்தன.

"தலைமேலேயே டிரில்லை வெச்சுட்டீங்களே" என்று கேன்காரர் அவளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அப்ப நான் மூச்சை அடக்க வேண்டியதில்லை?" என்றார் பூட்டுக்காரர், அவர் கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடித்தபடி.

மூக்கு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை. கச்சேரி கேட்கிறவள் போலச் சுவரில் சாய்ந்து நின்றாள். முதலாளியம்மா அவள் காதுக்குள், எல்லா அறைக்கும் ஒவ்வொன்று வேண்டும், தன் தங்கை வீட்டுக்காரரின் கிடங்குக்கும் வேண்டும் என்று கத்தினார். தன் ஆட்களின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று அதற்குப் பிறகு தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அண்ணன் பக்கத்தில் வந்தார். ஏதோ சொன்னார். அவள் காதைக் காட்டிக் கேட்கவில்லை என்றாள். அவர் இன்னும் உரக்கச் சொன்னார். அவள் மறுபடியும் காதைக் காட்டினாள். அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் அவள் பொத்தானை அமுக்கினாள்.

"மேஜையை எடுக்கச் சொன்னது சும்மாதான்!" என்ற அண்ணனின் குரல், திடீரென்று அமைதியான அறையில் அலமாரிக்கு அலமாரி மோதிக்கொண்டு வாசல் வரை போயிற்று.

காவலாளி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் கேன்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

கண்ணாடி அலமாரி சொன்னபடி வந்து சேர்ந்தது. அது கடையின் முன்பக்கம் நின்றது, அதில் மூக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மேஜை இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. தெரு அவளை இன்னும் சும்மாக்கா என்றுதான் கூப்பிட்டது. மாற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை. துணிக்கடைக்காரர் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"நம்ம கடைக்கும் ஒரு மூக்கு மாட்டும்மா. அந்தப் பொத்தானை மட்டும் வாசல் பக்கமா வெச்சுக் குடு."

"மூக்கை மாட்டறேன்," என்றாள் அவள், சால்டரிங் அயர்னிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொத்தானை வாசல்ல வைக்க மாட்டேன்."