ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்

சனிக்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு, வசீகரன் வீட்டின் நிலக்கீழ் அறையில் புதுச் சுடுதண்ணித் தொட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, அதன் உடம்பைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுபது கலன் தண்ணீர் பிடிக்கிற தொட்டி. கீழே தட்டினால் அடைத்த சத்தம். மேலே தட்டினால் வெறும் தகரம். பாதிதான் நிரம்பியிருந்தது.

படியின் உச்சியில் மனைவி புஷ்பராணி நின்றாள். "இஞ்சேருங்கோ, ஒன்பதுக்கு ராகுகாலம். அதுக்கு முதல் சுவிச்சைப் போடுங்கோ."

"தண்ணி இன்னும் ஏறேல்லை."

"அது ஏறுறது ஏறட்டும். நீங்கள் நல்ல நேரத்தில துவங்கி வையுங்கோ."

பழைய தொட்டி வியாழக்கிழமை ஒழுகத் தொடங்கியது. அதற்கு முதல்நாள்தான் மகள் நிருஷாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கர்க்லாண்டுக்கு, தாய்வீட்டுக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிற முப்பத்தொரு நாளும் இங்கேதான். புஷ்பராணி பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் இடித்து, மெத்தைக்கு உறை தைத்து, வேலையிடத்தில் லீவும் எடுத்திருந்தாள். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில், சம்பந்தியம்மாவும் ஓர் அறையை ஒழுங்குபண்ணி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மருமகன் பிருந்தன் மிக மரியாதையாக அழைத்து, சுடுதண்ணி சரிவராவிட்டால் மாமி கஷ்டப்பட வேண்டாம், தாங்கள் லொங்குய்க்கே போகிறோம் என்றான். ஒருநாளைக்கென்று ஆற்றைக் கடந்து போகிற பிள்ளை முப்பத்தொரு நாளுக்குள் திரும்பி வரமாட்டாள் என்பது புஷ்பராணிக்குத் தெரியும்.

லைசென்ஸ் உள்ள குழாய்க்காரன் றெனோல்டைக் கூப்பிடச் சொன்னாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, கெட்டிக்காரன். வசீகரன் மறுத்துவிட்டார். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருசமாகப் பெட்டிகள் ஓடுகிற பெல்ற்றைத் திருத்துகிற தனக்கு, நாலு குழாயும் மூன்று வயரும் உள்ள தொட்டி ஒரு வேலையா என்று கேட்டார். உண்மையில் குழாய் வேலையை அழகாகத்தான் செய்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் சுவிச்சைப் போட்டார். உள்ளே எங்கோ 'டிக்' என்றொரு மெல்லிய சத்தம் கேட்டது. தொட்டி வேலைசெய்யத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்குப் புஷ்பராணி சுடுதண்ணிக் குழாயைத் திறந்து விரலை நீட்டி, எடுத்து, மறுபடியும் நீட்டினாள். ஜனவரி மாதத்து மொன்றியல் தண்ணீர் எலும்புவரைக்கும் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் யாரைத் திட்டுவது என்று தீர்மானிக்க முடியாத நிலைமை. அவள் அடுப்பில் தண்ணீர் சுடவைக்கப் பெரிய சட்டிகளை எண்ணத் தொடங்கினாள். வசீகரன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, இந்த உரையாடலுக்குச் சாட்சி வேண்டாம் என்பதுபோல கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

றெனோல்ட் பன்னிரண்டு மணிக்கு வந்தான். குழாய்ப் பொருத்துக்களை விரலால் தடவிப் பார்த்து, வேலை சுத்தம் என்று முதலில் பாராட்டினான். பிறகு தண்ணீரை இறக்கி, தொட்டியின் மேல்பாதியில் இருந்த சூடாக்கும் கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். எண்ணெய்ச் சட்டிக்குள் மறந்துபோன முறுக்குப்போல அது கருகி வெடித்திருந்தது.

"தண்ணிக்குள்ள நிண்டு சுட வேண்டிய சாமான் அண்ணை இது. வெறுந்தொட்டியில ரெண்டு நிமிசம் தாங்காது. நிரம்ப முதல் ஆர் சுவிச்சைப் போட்டது?"

அடுத்த கிழமை இந்தக் கதை டோர்வல் வரைக்கும் போகும் என்று வசீகரனுக்குத் தெரிந்தது. பெல்ற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற தமிழ்ப் பெடியள் இதை ஒரு வருசத்துக்கு வைத்துச் சாப்பிடுவார்கள்.

"நான்தான் தம்பி," என்றாள் புஷ்பராணி. "இவர் பொறு எண்டவர். நான்தான் கேக்கேல்லை."

றெனோல்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ராகுகாலமோ அக்கா?"

அவள் தலையாட்டினாள்.

"எங்கட ஆக்களின்ர வீடுகளில இது எனக்கு நாலாவது," என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து புதுக் கம்பியை எடுத்தான்.

அதை மாட்டியதும் மேலே போய்ச் சுடுதண்ணிக் குழாய் ஒன்றைத் திறந்துவிடச் சொன்னான். காற்றெல்லாம் துப்பி முடித்துத் தண்ணீர் நூல்போல நேராக வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். அது நேராக வந்ததும், "சுவிச்சை நீங்களே போடுங்கோ அண்ணை," என்று விலகி நின்றான். கூடவே சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்ப நேரம் எப்பிடி அக்கா?" என்றான்.

"நேரம் கிடக்கட்டும். தொட்டி நிரம்பிட்டுதோ, வடிவாப் பாரும்," என்றாள் புஷ்பராணி.

மூன்று மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியபோது கார் வந்தது. பிருந்தன் இயந்திரத்தை நிறுத்தவில்லை. பைகளையும் இறக்கவில்லை. குழந்தையைப் புஷ்பராணியின் கையில் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசல் கம்பளத்தில் நின்றான். நிருஷா நேரே குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

தண்ணீர் விழுந்தது. இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். வசீகரன் நிலக்கீழ் அறைப் படியில் அரைவாசி இறங்கி, அரைவாசி ஏறி நின்றார். பிறகு அந்தச் சத்தத்துக்கு மேலாக நிருஷா ஏதோவொரு பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது. கதவின் அடியால் வெள்ளையாக ஆவி வழிந்து வீட்டு நடைக்கு வந்தது.

பிருந்தன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போனான். காரின் இயந்திரம் அணைந்தது. முதலில் இரண்டு பைகள் வந்தன. பிறகு லொங்குய்யில் ஏற்கெனவே பூட்டிப் பொருத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று காரில் கொண்டுவந்திருந்த குழந்தைக் கட்டில் வந்தது. அது வாசலில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. அதன் கம்பிகளுக்கூடாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது, ஆவி வெளியே போய்க்கொண்டிருந்தது.